மேல் வீட்டு ஆட்டப்பாட்டு

மராட்டிய ஊரான நிக்டியில் எங்கள் மேல் வீட்டு மாமா நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். ஆனால் காலை ஆறு மணிக்கு, நான் விளக்கேற்றும் நேரத்தில், பழைய ராக் அண்ட் ரோல் இசைத்தட்டைப் போடுவார். யாரோ ஒரு வெள்ளைக்காரி துள்ளித் துள்ளிப் பாடுவாள். ஒருநாள் சண்டைக்கே போனேன்.

கதவு திறந்திருந்தது. நடுக்க நோய் கண்ட மாமியின் கைகளைப் பிடித்து, தாளத்துக்கு ஓரோர் அடியாக நடத்திக்கொண்டிருந்தார்.

"பாட்டு நின்னா இவ கால் தரையில ஒட்டிக்கறதும்மா."

"சுப்ரபாதம் போடலாமே மாமா?"

"போட்டேனே! கும்பிட்டுண்டு அப்படியே நின்னுட்டா."

மாமி சிரித்தபடி அடுத்த அடி வைத்தாள்.

இப்போதெல்லாம் மேலே அந்த வெள்ளைக்காரியின் குரல் கேட்ட பிறகே பூஜை மணி அடிக்கிறேன். கேட்கத் தாமதமானால், முருகா, அவளைப் பாட வை என்றுதான் வேண்டுகிறேன்.