முப்பத்து நான்கு டிகிரி

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளை மீனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பில் வரி போட்ட, விரல் நீளம்கூட இல்லாத மீன்களுக்குத் தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, சூடு பார்ப்பது அவள் வேலை. மீனுக்கு இருபத்தெட்டு டிகிரி. காலையில் நுழைந்ததும் ஒவ்வொரு சூட்டுப் பெட்டியின் குமிழுக்கும் கண் போவதற்கு முன்பே கை போய்விடும்.

அன்றும் அப்படித்தான் போனது. மனம் தங்கையிடம் இருந்தது. தங்கைக்குக் குடலில் புற்றுக்கட்டி, அறுத்து எடுத்துவிட்டார்கள். எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ள, அந்தக் கட்டியின் செல்களைக் கண்ணாடி போன்ற மீன் குஞ்சுகளுக்குள் ஊசியால் ஏற்றி, தட்டுக்கு ஒரு மருந்தாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பெட்டியில் பெயர் கிடையாது, எண்தான். ஆனால் அறுவை முடிந்த மறுநாள் வந்த பெட்டி யாருடையது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

சாயங்காலம் பூட்டப் போனபோதுதான் பார்த்தாள். அந்தப் பெட்டி இருபத்தெட்டு காட்டியது. முப்பத்து நான்கு இருக்க வேண்டும். மனிதச் செல்லும் வளர வேண்டும், மீனும் தாங்க வேண்டும் என்று பார்த்து வைத்த சூடு. குறைத்தது அவள் கைதான்.

குஞ்சுகள் என்னவோ குஷியாக இருந்தன. அதுதான் பயமே. சூடு குறைந்தால் கட்டி சும்மா கிடக்கும். எல்லா மருந்தும் ஜெயித்த மாதிரி தெரியும். உதவாத மருந்து தங்கை உடம்பில் ஏறும்.

குமிழைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனால் ஒருத்தருக்கும் தெரியாது. விரல் குமிழ்மேலேயே நின்றது. பிறகு பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

"டாக்டரம்மா, காரியத்தைக் கெடுத்துட்டேன்."

ஆராய்ச்சி டாக்டர் வந்து பெட்டியைப் பார்த்தாள். "எப்பலேருந்து?"

"காலையிலேருந்து. கைப்பழக்கம்."

"நீங்களா மீனக்கா? வேற யாராவது சொன்னா நம்பியிருக்க மாட்டேன். சரி, இதெல்லாம் போச்சு. முதல்லேருந்து போடணும். ஒரு வாரம் தள்ளிப்போகும்."

"செல் மிச்சம் இருக்கா?"

"உறைய வச்சது கொஞ்சம் இருக்கு. ஒரு தடவைக்குத்தான் வரும். அதுவும் பிழைச்சு வந்தா."

வெளியே வந்ததும் போன் அடித்தது. தங்கைதான்.

"என்னக்கா, என் மீனு என்ன சொல்லுது?"

"இன்னும் வாயைத் திறக்கல. ஒரு வாரம் தள்ளிப்போகும்டி. என்னாலதான். சூட்டைக் குறைச்சுட்டேன்."

தங்கை சொன்னாள்: "பேன் பாக்கறேன்னு காதைப் பிச்சவதானே நீ. உன்னை நம்பி மீனை வேற குடுத்திருக்காங்க."

"வாயடிக்காம மாத்திரையப் போட்டுட்டுப் படு."

"அக்கா... ஒரு வாரம் தாங்குமில்ல?"

"தாங்கும்," என்றாள் மீனக்கா. யார் சொன்னது என்று தங்கை கேட்கவில்லை, நல்லவேளை.

உறைந்த செல்கள் பிழைத்தன. புதுக் குஞ்சுகள் பெட்டிக்குள் போயின. குமிழ்மேல் டாக்டர் டேப் ஒட்டிவிட்டாள். மறுநாள் காலை மீனக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பெட்டிமுன் நின்றாள். முப்பத்து நான்கு. அடுத்த பெட்டிக்குப் போனாள். திரும்பி வந்து மறுபடி பார்த்தாள்.