சீஸ் ஆறிப்போன மதியம்

அப்பாவுக்கு நெருப்பைக் கண்டால் ஆகாது. வெம்பக்கோட்டை ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு குணமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். தீபாவளியன்று நான் கம்பி மத்தாப்பு கொளுத்தினால்கூட அப்பா பக்கத்தில் வாளித் தண்ணீரோடு நின்று, மத்தாப்பை அணைப்பதற்கு முன்னால் என் உற்சாகத்தை அணைத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரை, சாப்பாட்டு மேஜை நடுவில் அடுப்பைப் பற்றவைக்கிற தேசத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், சுவிட்சர்லாந்துக்குப் போய் உருக்கிய சீஸில் ரொட்டியை முக்கித் தின்ற கதையை விடாமல் பீற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பண்டத்துக்கு ஃபாண்டூ என்று பெயராம். நான் வீட்டில் அடம் பிடித்தேன். அந்த வருஷம் தீபாவளி சீசனும் நன்றாக இருந்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல, அரையாண்டு விடுமுறையில் மூன்று பேரும் கிளம்பினோம்.

போன முதல் நாளே வம்பு. ஓட்டல் அறையில் நான் கம்பளிச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றியபோது சடசடவென்று பொறி பறந்தது. எனக்கு ஒரே குஷி. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் தரைக்குப் போய்விடும். ஓட்டலில் செம்புத் தகட்டுக்கு எங்கே போவது? குளியலறைக் குழாயைத் தொடச் சொன்னார். ஊர் திரும்பும் வரை குழாயைத் தொட்டுவிட்டுத்தான் நான் சட்டை மாற்றினேன்.

மறுநாள் மலைக்குப் போனோம். ராத்திரி கனத்த பனி விழுந்ததால் ரோப்காரை வெகுநேரம் நிறுத்திவைத்திருந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. மரத்தாலான சின்ன ஓட்டல். சுற்றிலும் கண்ணாடி ஜன்னல்கள், வெளியே கண் கூசுகிற வெள்ளை. பரிமாறிய அம்மாள் கனத்த சட்டி நிறையச் சீஸைக் கொண்டுவந்து வைத்து, அடியில் சின்ன அடுப்பைப் பற்றவைத்தாள். அப்பா கைத்துண்டைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். என் கழுத்தில் இருந்த கம்பளித் துண்டை இருவரும் ஒரே நேரத்தில் உருவினார்கள்.

ரொட்டித் துண்டை நீளமான முள்கரண்டியில் குத்தி சீஸில் சுழற்றி வாயில் போட்டேன். சூடு நாக்கைப் பொசுக்கியது. ஆனால் அந்த ருசிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பொசுங்கலாம் என்று இருந்தது. அப்பாவும் ஒரு துண்டு தின்றுவிட்டு, "விருதுநகர் பரோட்டாவ சால்னாவுல முக்குற கணக்குதான், என்ன?" என்றார். அதுதான் அந்தப் பயணத்தில் அவர் முதன்முதலாகச் சிரித்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அடிவயிற்றில் இடிப்பது போல ஒரே ஒரு சத்தம். தம்ளர்கள் அதிர்ந்தன. அப்பாவின் கை முதலில் செய்த காரியம், அந்த ஈரக் கைத்துண்டை அடுப்பின் மேல் போட்டு அமுக்கியது. அடுத்த நொடி மூன்று பேரும் ஜன்னலில் நின்றோம்.

"எந்தப் பக்கம்?" என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஓடுவோம். வெடித்த கம்பெனியின் புகை எழும்புவது விஸ்வநத்தம் பக்கமா, தாயில்பட்டி பக்கமா என்று பார்ப்போம். பக்கம் தெரிந்தால் யார் வீட்டு ஆட்கள் அங்கே இருப்பார்கள் என்பது தெரியும். முதலாளி வீடு, வேலையாள் வீடு என்ற வித்தியாசம் அந்த ஐந்து நிமிஷத்துக்கு இருக்காது. நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி பழகிய ஓட்டம் அது.

எதிர் மலையில் வெள்ளையாக ஏதோ சரிந்து தூசு கிளப்பியது. பரிமாறிய அம்மாள் ஓடிவந்து ஆங்கிலத்தில் விளக்கினாள். புதுப்பனி தானாகச் சரிந்து ஆட்கள் மேல் விழக் கூடாதென்று, அவர்களே வெடிவைத்துச் சரித்துவிடுவார்களாம். "உசிரக் காப்பாத்தவா வெடி வைக்காக!" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு முழுசாக வரவில்லை. கை போனைத் தேடிக்கொண்டிருந்தது.

மாமா எடுக்கவில்லை. அதில் அதிசயமில்லை. போனை வாசல் கேட்டிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அப்பாவே போட்ட சட்டம். ஆனால் ஆபீஸ் போனையும் யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். சத்தம் கேட்டது இங்கே. பயம் மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டது.

"ஊருல வேற யாருக்காச்சும் போட்டுக் கேளுங்களேன்," என்றாள் அம்மா. உள்ளே இருப்பது அவள் தம்பி.

"என்னன்னு கேக்க? நம்ம கம்பெனியில ஒண்ணும் இல்லையேன்னு நானே கேட்டா, ஏதோ ஆயிருச்சுன்னு ஊர் பூரா பரவிரும். அம்புட்டுப் பேரு வீட்டுலயும் ஒப்பாரி வச்சுக்கிட்டு ரோட்டுக்கு வந்துருவாக."

அம்மா சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பா போனைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்திப் பார்ப்பதுமாக இருந்தார். சட்டியில் சீஸ் ஆறி, ஆடை கட்டி, இறுகியது. ரொட்டியைக் குத்திப் பார்த்தேன். முள்கரண்டி அப்படியே நின்றது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் அடி விழும் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஒருவழியாகப் போன் அடித்தது. அப்பா எடுப்பதற்குள் அது கையிலிருந்து நழுவி ரொட்டிக் கூடையில் விழுந்தது. எடுத்தபோது மாமாவின் குரல் எனக்கும் கேட்டது.

"அத்தான், லாரி வந்துருச்சு. கணக்கப்பிள்ள மொதக்கொண்டு எல்லாரும் லோடு ஏத்திக்கிட்டு இருந்தோம். எதுக்கு இம்புட்டுத் தடவ கூப்பிட்டிருக்கீக? பாப்பாவுக்கு மேலுக்கு ஏதும் சொகமில்லையா?"

"ஒண்ணுமில்ல மாப்ள," என்றார் அப்பா. "சாப்பிட்டீகளான்னு கேக்கத்தான்."

"இங்க சாயங்காலம் அஞ்சு மணியாச்சே அத்தான்?"

அப்பா போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைக் காதில் வைத்துக்கொண்டு மாமாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பரிமாறிய அம்மாள் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். இந்தமுறை அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொள்ளவில்லை. நெருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆவேசமாகச் சாப்பிட்டார். கடைசியில் சட்டியின் அடியில் காந்திப்போய் ஒட்டியிருந்த பொருக்குதான் விசேஷம் என்று அந்த அம்மாள் சுரண்டிக் கொடுக்க, அதையும் வாங்கித் தின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சீஸ் அவ்வளவு ருசியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டபோது ஓட்டல் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முள்கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டால் உலகம் பூராவும் ஜன்னலுக்கு ஓடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

அம்மாவின் கையைச் சுரண்டி மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, இவுகல்லாம் ஏன் எந்திரிக்கல? இவுக வீட்டுல யாருமே வேலைக்குப் போகலையா?"

அம்மா ஒரு ரொட்டித் துண்டைச் சீஸில் முக்கி, ஊதி, என் வாயில் வைத்தாள்.