பச்சை விளக்கும் திரிந்த பாலும்

எல்லாம் சரியாக ஓடும்வரை யாருக்கும் ஞாபகம் வராத வேலை, கண்காணிப்பு வேலை. இதே வேலையில் கண் கெட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுடையது பால் கம்பெனி. ஊருக்கு ஊர் குளிர்தொட்டி, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் ‘குளிர்’ என்ற புரோகிராம். பால் சூடானால் மணி அடிக்கும். அந்தப் புரோகிராம் ஓடினால் தர்மபுரியில் என் திரையில் பச்சை. நின்றால் சிவப்பு. மணி அடிக்காவிட்டால் பால் போச்சு.

மாரண்டஹள்ளி சிவப்பு

ஒருநாள் மாரண்டஹள்ளி சிவப்பு. போனில் கத்தினேன். பொறுப்பாளர் மஞ்சுளா, “ஓடுதுங்க ஐயா” என்றாள். நம்பாமல் பஸ் ஏறினேன்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது! முந்தின நாள் புரோகிராமைப் புதுப்பித்ததில் பெயர் ‘குளிர்2’ ஆகியிருந்தது. என் சாஃப்ட்வேர், ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலை வாங்கிப் பெயரை மட்டும் பார்க்குமாம். இதையா இத்தனை நாள் நம்பினேன்?

“வந்ததுதான் வந்தீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க. இங்க எல்லாம் குளிராத்தான் இருக்குது” என்றாள்.

ஏரியூர் பச்சை

ஏரியூர் வாரத்துக்கு மூன்று முறை சிவப்பாகும். பொறுப்பாளர் பழனியை மூன்று முறையும் திட்டுவேன். திடீரென்று இரண்டு மாதம் ஒரே பச்சை. ‘பழனியைப் பார்த்துக் கற்றுக்கொள்’ என்று மஞ்சுளாவிடமே சொன்னேன்.

ஒரு காலையில் அவனே கூப்பிட்டான். குளிர்விக்கும் மோட்டார் நின்றிருக்கிறது. மணி அடிக்கவில்லை. தொட்டிப் பால் மொத்தமும் திரிந்துவிட்டது. திரையைப் பார்த்தேன். பச்சை!

ஏரியூருக்கு ஓடினேன். ‘குளிர்’ என்ற பெயரில் அங்கே ஓடியது பாட்டுப் போடும் புரோகிராம். பழனிதான் பெயரை மாற்றியிருக்கிறான். ஏன்டா இப்படிச் செய்தாய் என்றேன்.

“அது அடிக்கடி நின்னுடுதுங்க. நின்னா நீங்க திட்டறீங்க. பாட்டு நிக்கவே நிக்காதுங்க ஐயா.”

கால்வாயில் பால்

பாலைக் கால்வாயில் கொட்டினார்கள். மாடு வளர்த்துத் தினமும் அங்கே பால் ஊற்றும் சின்னப்பொண்ணு என்பவள், காலி கேனோடு பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பச்சை என்றுதானம்மா காட்டியது என்றேன். சொன்னபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

“உங்க டிவியில என்ன காட்டுனா எனக்கென்னங்க? தொட்டியில ஒருத்தரும் கை வெச்சுப் பாக்கலையா?”

இப்போது பச்சையைப் பார்த்துக்கொண்டே தினமும் ஊர் ஊராகப் போன் போட்டு, ‘தொட்டியில் கை வைத்தாயாப்பா, ஜில்லென்று இருக்கிறதா?’ என்று மெதுவாகக் கேட்பதுதான் என் கம்ப்யூட்டர் வேலை.