சண்டைக்காரியின் சாளை

காலையில் பனச்சமூடு சந்தையில், மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா தன் கூடையை மூடிவைத்துவிட்டு, பக்கத்து இடத்துக்காரி பிலோமினாவின் சாளை மீனை விற்றுக்கொண்டிருந்தார்.

இடத் தகராறில் இருவரும் பேசி ஒரு வருடமாகிறது. இன்று பிலோமினா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில். மீன் மட்டும் வண்டியில் வந்துவிட்டது.

“உங்க மீனு கெட்டுப் போவாதா?” என்றேன்.

“எனக்கதில கொஞ்சம் ஐஸ் உண்டு சாறே. அவளுக்கது வெயிலு ஏறினா போச்சு.”

“உங்களைத் திட்டினவங்கல்லா?”

“திட்டினாளாக்கும். நான் மட்டும் பேசாத பேச்சா? அதுக்காவ ஆண்டவரு எனக்குக் கடலைப் பூட்டியா போட்டாரு?”

அப்போது விஷயம் கேள்விப்பட்டு பிலோமினாவே போனில் அழைத்தார். ஒரு வருடத்துக்குப் பின் முதல் பேச்சு, சுற்றி நின்ற எங்களுக்கே கேட்டது: “எட்டி, வெலையக் கொறச்சிராதே!”

ஸ்டெல்லா அக்கா குலுங்கிச் சிரித்தார்.

கிருபை இலவசம்தான். சாளைக்கு மட்டும் பேரம் கிடையாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். உங்களில் யாருக்காவது அக்கா விலையைக் குறைத்தாரா?