முடிந்துபோன மேட்சுக்கு வைத்த நேர்த்தி

ரக்பி என்பது எங்கள் நாட்டில் கொழும்பு, கண்டிப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடுவது. நான் சின்னப் பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்காய்ப் போகாதவன். அதனால் அந்த முட்டைப் பந்தை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தது இத்தாலியில், பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில், நான் பராமரிக்கப் போன ஐரிஷ்காரரின் அலுமாரிக்கு மேலே. காய்ந்துபோன பூசணிக்காய் என்று நினைத்துக் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டேன். அவர் கட்டிலில் கிடந்தபடி போட்ட சத்தத்தில் வேலை தொடங்கிய அன்றே வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கழுத்து என்று ஒன்றே இல்லாத பெரிய மனிதர். பலெர்மோக்காரியைக் கட்டி இங்கேயே தங்கியவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். நான் அவரைச் சிஞ்ஞோரே என்பேன், எங்கள் ஐயா போல. இருவரும் கதைத்தது இத்தாலியனில். இத்தாலிக்காரர் கேட்டிருந்தால் வழக்குப் போட்டிருப்பார்கள். இங்கே தமிழில் எழுதும்போது நாங்கள் நல்லாய்க் கதைத்ததுபோல் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

அவருடைய மகள் அயர்லாந்தில் இருந்தாள். போனில் சொல்லிவிட்டாள்:

"மாண்டரின் தோடம்பழக் காலம் முடியமுந்தி வருவன். அப்பா தன்ரை காலாலை படி இறங்கி ஏறவேணும். இல்லாட்டி இஞ்சை ஒரு முதியோர் இல்லத்திலை இடம் பார்த்து வைச்சிருக்கிறன்."

வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இருந்தது. வேலை செய்வதுதான் இல்லை. அவர் போனால் என் வேலை போகும். வேலை போனால் என் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க முடியாது. ஆக, இரண்டு பேரின் தலைவிதியும் அவருடைய ஒரு இடுப்பில் தொங்கியது. அந்த இடுப்போ கட்டிலை விட்டு எழும்ப மறுத்தது.

கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய வீடியோ கசெட். தூசு தட்டப்போய்க் கேட்டேன்.

"என்ரை அணி விளையாடின ஒரு முழு சீசன்," என்றார். "எங்கடை மாகாண அணி. ரக்பிக்குச் சம்பளம் குடுக்கத் தொடங்கின புதுசு. அதுக்கு முதல் நான் பால் லொறி ஓட்டினனான். பகல் முழுக்கப் பால், பின்னேரம் பந்து. அந்த வருசம்தான் லொறியையும் திறப்பையும் திருப்பிக் குடுத்து அந்த வேலையை விட்டன்."

ஒப்பந்தம் போட்டோம். ஒரு கிழமை, ஏழு நாளும், அவர் ஒழுங்காய் நடைப்பயிற்சி செய்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச் பார்க்கலாம். முடிவை மட்டும் அவர் சொல்லக்கூடாது.

முதல் மேட்ச். மழை, சேறு, காற்று. எல்லாரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். முன்னுக்குப் போகவேண்டும், ஆனால் பந்தைக் கையால் பின்னுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றார் சிஞ்ஞோரே. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெர்மெஸ்ஸோ கொடுக்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்துராவில் என் பைல் அப்படித்தான் நகர்கிறது. எதிராளி கோலுக்கு அடிக்க நின்றபோது அத்தனை சனமும் கப்சிப் என்று நின்றதுதான் விளங்கவில்லை.

"ஏன் சிஞ்ஞோரே, ஆரும் செத்துப்போச்சினமோ?"

"அடிக்கிறவனுக்குக் குடுக்கிற மரியாதை."

"எதிராளிக்குமோ?"

"எதிராளிக்கும்தான். வாயை மூடு, அடிக்கப் போறான்."

கொஞ்ச நாளில் ஒரு விசயம் கண்டுபிடித்தேன். அணி வென்ற கிழமை அவர் கைத்தடியோடு பால்கனிவரை நடந்தார். தோற்ற கிழமை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். முடிவெல்லாம் அவருக்கு முன்பே தெரியும், இருந்தாலும் படுத்தார். கடைசிக் கசெட் இறுதிக்கு முந்திய ஆட்டம். மகள் வருவதற்கு முதல்நாள்தான் அதைப் பார்ப்பதாக வந்தது.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. பெல்லெக்ரீனோ மலைக் குகையில் இருக்கிற அம்மாவுக்கு, இந்த ஊரைக் காக்கிற வேதக்காரப் புனிதைக்கு, நேர்த்தி வைத்தேன். நாங்கள் சைவம்தான், ஆனால் பலெர்மோவில் இருந்துகொண்டு அந்த அம்மாவைப் பகைக்கக்கூடாது. அணி வென்றால் வெறுங்காலோடு மலை ஏறுவேன் என்று சொன்னேன்.

என் வீட்டில் இதைச் சொன்னதும், பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஒபிஸ் கூட்டித் துடைத்துவிட்டு வந்த மனைவி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"உது எப்ப நடந்த விளையாட்டு?"

"நான் இத்தாலிக்கு வரமுந்தி."

"அப்ப முடிஞ்சுபோன விளையாட்டுக்கோ நேர்த்தி வைச்சனீங்கள்?"

"நான் இன்னும் பார்க்கேல்லைத்தானே."

எங்கள் மகள் போனிலிருந்து தலை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அப்பா, è già finita, அது எப்பவோ முடிஞ்சுது. அந்த அம்மா இப்ப போய் என்ன செய்யிறது? வேணுமெண்டால் நான் கூகிளிலை பாக்கிறன்."

"கூகிளைத் தொட்டியோ, பிறகு என்னட்டை வாங்குவாய்," என்றேன்.

"அந்த மனுசன்ரை காலுக்கெண்டு ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?" என்றாள் மனைவி.

கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. படிக்காதவன் என்று சொல்லித் தப்பவும் முடியாது, அவளும் என் வகுப்புத்தான்.

கடைசி மேட்ச் பார்த்தோம். திரையில் அவருக்குத் தலைமுடி இருந்தது, கழுத்து அப்போதும் இல்லை. கடைசி நிமிடத்தில் சிஞ்ஞோரேயின் அணி ஆள் அடிக்க நின்றான். போனால் வெற்றி. மைதானம் அடங்கியது. நானும் மூச்சை அடக்கினேன். பந்து கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது.

நான் யாழ்ப்பாணத்து நல்ல வார்த்தைகள் சிலதைச் சொன்னேன்.  இனிச் சிஞ்ஞோரே சுவர்ப்பக்கம் திரும்பப் போகிறார், என் பெர்மெஸ்ஸோவும் கூடவே திரும்பப் போகிறது என்று கசெட்டை எடுத்தேன்.

"அடுத்தநாள் என்ன நடந்தது தெரியுமோ?" என்றார்.

"அழுதிருப்பியள்."

"அழுததுதான். பிறகு காலமை எல்லாரும் பயிற்சிக்குப் போனனாங்கள். ஒருத்தரும் கூப்பிடேல்லை. சீசன் முடிஞ்சுது, விளையாட ஒண்டுமில்லை. ஆனால் மாதம் முடியேல்லை, சம்பளம் வருது. சும்மா இருந்து வாங்க எங்களுக்குப் பழக்கமில்லை. வேறை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் மழையுக்குள்ளை ஓடினம்."

கைத்தடியைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, "நாளைக்கும் வேலைநாள்தான். நான் போட்டு நடக்கிற சப்பாத்தைத் துடைச்சு வை," என்றார்.

அடுத்தநாள் அவருடைய மகள் வந்து பெட்டியை வைப்பதற்குள் அவர் வாசலில் நின்றார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை தடியில், நான் ஒரு படி முன்னால், விழுந்தால் மெத்தையாகப் பயன்பட. மாடிக்கு மாடி அயல் வீட்டுக் கதவுகள் திறந்தன. பலெர்மோச் சனம் படிக்கட்டில் ஒரு மனிதன் இறங்குவதைச் சும்மா பார்க்குமா?

"இடது காலை முதல் வை."

"வலதைத்தான் வைக்கவேணும், என்ரை மாமிக்கும் உந்த ஒப்பரேசன்தான்."

"ஐயோ, விழப்போறார், பிடி அவரை."

 சிஞ்ஞோரேயின் கால் பாதிப் படியில் நின்றது. நான் திரும்பி, கையை உயர்த்தி, "சிலென்ஸியோ. அடிக்கப் போறார்," என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள். பலெர்மோவில் ஒரு கட்டடம் முழுக்க அமைதியாக இருந்ததை அன்றுதான் கேட்டேன். அந்த அமைதியில் அவர் இறங்கினார். தடியின் சத்தம் மட்டும்.

கீழே பழக்கடையில் சியாகுல்லி மாண்டரின் வாங்கி, நின்றபடியே ஒன்றை உரித்துத் தின்று, தோலை என் கையில் தந்துவிட்டு மறுபடி மேலே ஏறினார். மகள் மேலே நின்று எல்லாம் பார்த்தாள். இல்லத்தில் பார்த்துவைத்த இடம் வேண்டாம் என்று அன்றே போன் எடுத்தாள்.

வீட்டுக்குப் போய் பெருமையடித்தேன். அணி தோற்றதால் என் நேர்த்தியும் இல்லை என்று காலை நீட்டி இருந்தேன்.

"காலைக் கழுவுங்கோ," என்றாள் மனைவி. "நான் அந்த மனுசன்ரை காலுக்கு நேர்த்தி வைச்சனான்."

"நல்லது. நீர் ஏறுமன்."

"நான் ஏன் ஏறுறன்? நீங்கள் வெறுங்காலோடை ஏறுவியளெண்டெல்லோ வைச்சனான்."

அடுத்த ஞாயிறு ஏறினேன். சிஞ்ஞோரே மகளோடு டாக்ஸியில் என்னைத் தாண்டிப் போகும்போது கண்ணாடியை இறக்கி, முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ என்று கத்தினார். காலில் கல் குத்தியது. அந்தப் பாழாய்ப்போன அணி தோற்றால் தப்பலாம் என்றல்லவா கணக்குப் போட்டிருந்தேன் என்று நொண்டியபடி நினைத்தேன். அணி தோற்றுத்தான் இருந்தது.