மில் சங்கும் ரயில் எஞ்சினும்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. வந்ததிலிருந்து ஓயாமல் முனகுகிறது. பக்கத்தில் நின்று நானும் கூடவே மூக்கால் முனகிப் பார்த்தேன். சமையலறையில் இருந்த மகள், "என்னப்பா, பல்லு வலியா?" என்றாள். இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் ஒக்கலிபுரத்துக்காரர். எனக்கு மாமனார் ஆகலாமா வேண்டாமா என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளில் எனக்கு அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பக்கத்து லேத்தில் ஆரோக்கியம். கோலார் தங்கவயல்காரன், நீலசந்திராவில் குடியிருந்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிட்டார் வாசிப்பான். எந்தப் பாட்டைக் கேட்டாலும் இரண்டாவது வரிக்குள் அதன் சுருதியைச் சொல்லிவிடுவான். நானும் ஒரு பழைய கிட்டாரை வாங்கிக்கொண்டு அவன் பின்னால் அலைந்தேன்.

"இதுல இன்னா மச்சான் கீது? பாட்டு எங்க வந்து குந்துதுன்னு பாரு. வேலை முடிஞ்சு வூட்டுக்கு வந்து செருப்ப கழட்டுனா எப்டி இருக்கும், அந்த எடம். அத்த மூக்குலயே புடிச்சு வச்சிக்கினு தடிக் கம்பில தேடு. கெடச்சா அதான் சுருதி."

நல்ல யோசனைதான். ஆனால் அதற்குப் பிறகு என் மூக்கு ஓயவில்லை. பஸ், மாவு மிஷின், கீரைக்காரி என்று எல்லாரோடும் முனகினேன். எங்கள் முதலாளி திட்டி முடிக்கிற இடம் பெரும்பாலும் கிட்டாரில் ஜி என்கிற சுரம். கோபம் கூடினால் ஏ. ஒருநாள் அவர் திட்டத் திட்டக் கூடவே முனகியிருக்கிறேன். பட்டறையை விட்டு வெளியே நிறுத்திவிட்டார்.

கம்பிகளை எதற்கு ஒத்து முறுக்குவது என்று ஒரு சிக்கல் இருந்தது. எங்களிடம் ஆர்மோனியம் கிடையாது. ஊரே மில் சங்கைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது, நாங்கள் கிட்டாரைத் திருத்திக்கொண்டோம். சங்கு ஊதி அடங்குவதற்குள் தடிக் கம்பியை முறுக்கி முடிக்க வேண்டும். தவறினால் அடுத்த ஷிப்ட் வரை காத்திருக்க வேண்டியதுதான். சிரிக்காதீர்கள், உலகத்துப் பாட்டெல்லாம் அந்தச் சங்குக்குக் கட்டுப்பட்டது என்றே நான் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையோடு, கிட்டாரையும் தூக்கிக்கொண்டு, அம்மாவோடு ஒக்கலிபுரத்துக்குக் கோமளாவைப் பெண் பார்க்கப் போனேன். பையன் எந்தப் பாட்டுக்கும் கூடவே வாசிப்பான் என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, சங்கீதத்தில் பைத்தியம். காது இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று முன்பே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியவர். கோமளா காப்பித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த வீட்டை விட்டு எழுந்து போகவே மனமில்லை.

அவள் பாட ஆரம்பித்தாள். பாட்டு உட்காரும் இடத்தை மூக்கில் பிடித்துக்கொண்டு தடிக் கம்பியில் தேடினேன். கம்பியில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தால் சுருதி குறைந்தது, அடுத்த கட்டத்தில் வைத்தால் கூடியது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருந்தது பாட்டு. பயத்தில் இன்னும் பலமாக முனகினேன்.

"ஏன் தம்பி, பல்லு வலிங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லீங்க, தேடறேன்."

என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குள் பெண்ணின் அத்தை கிராம்பு கொண்டுவந்துவிட்டார். மறுக்கத் தைரியமில்லை. கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கம்பிகளையெல்லாம் முறுக்கத் தொடங்கினேன். மெல்லிய கம்பி பட்டென்று அறுந்து கேசரித் தட்டில் விழுந்தது. அப்பா கேசரியைப் பார்த்தார், பிறகு தரகரைப் பார்த்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

கோமளா பாட்டை நிறுத்தினாள். "அப்பா, நான் எஞ்சினுக்குப் பாடறேன். அவரு வேற எதுக்கோ வாசிக்கிறாரு."

அந்த வீட்டிலும் ஆர்மோனியம் இல்லை. கொல்லைக்குப் பின்னால் ரயில் பாதை. சாயங்காலம் அங்கே வந்து நிற்கும் எஞ்சின் கூவுகிற சுருதியில்தான் அவள் பாடிப் பழகியிருக்கிறாள்.

"நீங்க எதுக்குங்க?" என்றாள் என்னிடம்.

"மில் சங்குக்கு."

"சொல்ப எறங்கி வரட்டுங்களா?"

கொஞ்சம் சுருதி இறங்கி வந்தாள். என் விரலும் அவள் குரலும் ஒரே இடத்தில் உட்கார்ந்தன. செருப்பைக் கழற்றிய மாதிரியே இருந்தது. நாங்கள் கிளம்பும்போது அவள் அப்பா என் அம்மாவிடம், "காது நல்லாவே கீது. பல்லத்தான் பாத்துக்கணும்" என்றார். அடுத்த மாதமே கல்யாணம்.

அதற்குப் பிறகு அவள் எஞ்சின் சுருதிக்கு ஏறவே இல்லை. அடுப்படியில், தொட்டிலண்டை, எங்கே பாடினாலும் மில் சங்கின் சுருதிதான். இப்போது அந்த மில் இல்லை, அதனால் சங்கும் இல்லை. கரி எஞ்சின்கள் போய்விட்டன. ஆரோக்கியம் போய்ச் சேர்ந்தான். கோமளாவும் போய்விட்டாள்.

என் கிட்டார் மட்டும் இன்னும் பழைய சங்கின் சுருதியிலேயே நிற்கிறது. இன்று காலை அதை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். ஒரு கட்டத்தில் குறைகிறது, அடுத்ததில் கூடுகிறது. ஒக்கலிபுரத்தில் அவள் பாட ஆரம்பித்த அதே இடம். இறங்கி வரத்தான் யாரும் இல்லை. அவள் இல்லாத வீடு என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

சத்தம் தாங்கவில்லை, ஃபிரிட்ஜை மாற்றித் தரச் சொல்லப்போகிறேன் என்று மகள் கடைக்குப் போன் செய்ய வந்தாள். வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, அழுதீங்களா?" என்றாள்.

"பல்லு வலிம்மா" என்றேன். கிராம்பு எடுக்கப் போயிருக்கிறாள்.