கிறகோரியின் வலது கை

குருநகர்ப் பேதுருவின் பெண்சாதி லூர்த்தம்மா ஆறு வருஷமாக மனைவியுமில்லை, விதவையுமில்லை என்று இருந்தவள்.

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில் பேதுருவும் அவனுக்கு நேர் இளையவன் கிறகோரியும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனார்கள். நடுக்கடலில் காற்றுக் கிளம்பி வள்ளம் கவிழ்ந்தது. மறுநாள் மத்தியானம் மண்டைதீவுப் பக்கத்து ஆட்கள் கிறகோரியை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் குப்புறக் கிடந்தானாம். அண்ணை எங்கேயடா என்று கரையெல்லாம் கூடிக் கேட்டது. "இருட்டுக்குள்ளை அலை பிரிச்சுப் போட்டுது. நான் காணேல்லை," என்றான். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

காணேல்லை என்ற அந்த ஒரு சொல்லிலே லூர்த்தம்மா தொங்கிக்கொண்டாள். கண்டவன் இல்லையென்றால் செத்தான் என்று யார் சொல்வது? கடலில் அள்ளுண்டு இராமேஸ்வரத்தில் கரையேறினவர்கள் இல்லையா? மண்டபம் அகதி முகாமில் பேதுருவின் சாயலில் ஒரு ஆளைக் கண்டதாக யாரோ யாருக்கோ கடிதம் எழுதியிருந்தார்கள். அது போதும் அவளுக்கு. தாலி கழுத்திலே கிடந்தது. மகள் யசிந்தாவிடம் கொப்பர் வருவார் என்றுதான் சொல்லி வளர்த்தாள்.

மாமி யோசப்பினுக்கு இது பொறுக்கவில்லை. மரித்த ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்காவிட்டால் அது உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பிலே கிடந்து வேகும் என்று நம்பின மனுஷி.

"என்ரை பிள்ளை அங்கை கிடந்து உத்தரிக்கிறான். ஒரு மரித்த பூசைக்குப் பேர் குடன் எண்டா, உனக்கு வாய் வருகுதில்லை."

"உயிரோடை இருக்கிற ஆளுக்கு மரித்த பூசை வைச்சா, மாமி? நாங்களே அவரைச் சாக்கொண்டது மாதிரியெல்லோ?"

"இருந்தா ஆறு வரியத்திலை ஒரு துண்டுக் கடுதாசி வராதோடி?"

"செத்திருந்தா ஒரு பலகைத் துண்டாவது ஒதுங்காதோ?"

இப்படி இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லி, கடைசியில் இரண்டு பேரும் அழுவார்கள். கிறகோரி எழும்பி வெளியே போய்விடுவான். பூசை வைத்தாலும் பாவம், வைக்காவிட்டாலும் பாவம். அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இருக்கிறானா, இல்லையா.

தொண்ணூறில் குண்டும் ஷெல்லும் விழத் தொடங்கக் குருநகர்ச் சனம் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தது. இவர்களுக்கு அரியாலையில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டின் பின்பக்கம் கிடைத்தது. கிறகோரி அங்கே களப்பில் வலை போட்டான். லூர்த்தம்மா மீனைக் கடகத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில், நல்லூர்ப் பக்கம் கொண்டுபோய் விற்றாள். அங்கே அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற குணலட்சுமி ரீச்சர்தான் நினைவுப் பெட்டியைப் பற்றி முதன்முதல் சொன்னது.

ரீச்சரின் தாய் செத்தபோது ரீச்சர் கொழும்பில். பாதை பூட்டு; வர முடியவில்லை. பக்கத்தில் இருந்தது தங்கச்சி. தங்கச்சியின் தலையில் இருந்த அந்தக் கடைசி ஒரு மணித்தியாலத்தை றேடியோக்காரச் சோமசேகரம் எடுத்து ரீச்சரின் தலையில் விட்டானாம்.

"கேக்கிற மாதிரியில்லை, லூர்த்தம்மா. பாக்கிற மாதிரியும் இல்லை. நானே பக்கத்திலை இருந்தனான். அம்மாவுக்குப் பால் பருக்கினது என்ரை கைதான்."

சோமசேகரம் முந்திக் கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்தவன். பெட்டி ஜப்பானில் களவெடுத்தது என்பார் சிலர், அவனே செய்தது என்பார் சிலர். பழைய வால்வு றேடியோவின் கூடு, அதற்குள் கசெற் ஓடும், காதுக்கு மேலே வைக்க இரண்டு செப்புத் தகடு. அவ்வளவுதான் பார்வைக்கு. யாழ்ப்பாணத்தில் கறண்டும் இல்லை, பற்றரியும் வராது. றேடியோ கேட்பதற்கே சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றின காலம். இவனும் ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி வயர் இழுத்திருந்தான். ஒருவர் ஏறி இருந்து மிதிக்க வேண்டும். மிதிக்கிற ஆளை வருகிறவர்கள்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

லூர்த்தம்மா அன்றைக்கு மீன் முழுவதையும் விற்காமலே திரும்பினாள். கிறகோரி கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தான். கடகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கிறகோரி, நீ கண்டதைச் சொல்ல வேண்டாம். என்ரை தலையிலை போட விடு."

அவன் நிமிரவில்லை.

"நான் காணேல்லை எண்டு சொன்னனான்."

"காணாட்டில் காணாததைப் பாக்கிறன். அலை பிரிச்ச இடத்தையாவது பாக்கிறன். அவர் எந்தப் பக்கம் இழுபட்டவர் எண்டு தெரிஞ்சா எனக்குப் போதும்."

வெகுநேரம் ஊசி வலைக்குள் போய்ப் போய் வந்தது. பிறகு சொன்னான்: "வாயாலை எண்டா என்னாலை ஏலாது, மச்சாள். தலையிலையிருந்து எடுக்கிறதெண்டா எடுக்கட்டும்."

புரட்டாதி மாதத்து ஒரு காலைப்பொழுது போனார்கள். முதலில் கிறகோரி கதிரையில் இருக்க லூர்த்தம்மா மிதித்தாள். எடுத்து முடிய அவன் சேர்ட் பிழிந்தால் தண்ணி வரும் போல நனைந்திருந்தது. அடுத்தது அவள் முறை. சோமசேகரம் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இப்பவே சொல்லுறன். இதிலை நடந்தது எல்லாம் வராது, உவர் நினைச்சு வைச்சிருக்கிறதுதான் வரும். எடுத்தவருக்கு ஒண்டும் குறையாது. போட்டவைக்குக் கூடும். கூடினதைத் திருப்பி எடுக்க என்னட்டை வழி இல்லை."

"ஆறு வரியமா ஒண்டுமில்லாமல் இருக்கிறன், தம்பி. கூடினாக் கூடட்டும்."

கிறகோரி சைக்கிளில் ஏறினான்.

முதலில் வந்தது ஒரு கை. காய்த்துப்போன பெரிய ஆம்பிளைக் கை, உள்ளங்கையில் தூண்டில் கிழித்த தழும்பு. அது தன்னுடைய கை என்றே பட்டது. பிறகு மண்ணெண்ணெய் மணமும் ஈரவலை மணமும். பிறகு கரை தெரிந்தது. கரையில் ஒரு பெண்பிள்ளை நின்று கத்திக்கொண்டிருந்தாள்: "உந்த ஊத்தைச் சட்டையை மாத்திப் போட்டுப் போங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" அது தான்தான் என்று விளங்க லூர்த்தம்மாவுக்குச் சற்று நேரம் எடுத்தது. தன்னுடைய குரல் அவ்வளவு கூர் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வள்ளத்துக்குள்ளே பேதுரு தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தான். "கேட்டியே, கோயில் மணி அடிக்குது." வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. கிறகோரியின் சிரிப்பு. சோமசேகரத்தின் கதிரையில் இருந்த உடம்பும் சேர்ந்து சிரித்தது.

காற்று வந்ததும் வள்ளம் புரண்டதும் துண்டு துண்டாகத்தான் இருந்தன. உப்பு, இருட்டு, தலையில் ஒரு அடி. அதற்குப் பிறகு எல்லாம் தெளிவு. கிழக்கு வெளுத்திருந்தது.

அந்த வெளிச்சத்தைக் கண்டதுமே அவளுக்குப் பொய் விளங்கிவிட்டது. இருட்டுக்குள் என்றல்லவா அவன் சொன்னான்.

அவள் வள்ளத்தின் முதுகில் குப்புறக் கிடந்தாள். இடது கை அடிப்பலகையைக் கொளுவிப் பிடித்திருந்தது. வலது கை பேதுருவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவன் கழுத்தளவு தண்ணிக்குள். வள்ளத்து மெசின் மேலே விழுந்து தொடை உடைந்தபடியால் அவனுக்கு ஏற முடியவில்லை. ஒருக்கால் இழுத்தபோது வள்ளம் சரிந்தது, அதற்குப் பிறகு இழுக்கவில்லை.

"கரை தெரியுதோடா?" என்றான் பேதுரு.

"ஓம் அண்ணை, தெரியுது." லூர்த்தம்மாவின் வாய்தான் சொன்னது. கண்ணுக்கெட்டின மட்டும் தண்ணியைத் தவிர ஒன்றுமில்லை.

"குளிருதடா."

"ஓம் அண்ணை."

அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் இருந்தவனுக்குக் கால் சோர்ந்தது. தலையில் இருப்பதை ஒழுங்கு தப்பாமல் அறிந்தவன். அவள் இப்போது எந்த இடத்தில் நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும். மிதி தளர டைனமோ தளர்ந்தது. டைனமோ தளர நாடா மெதுவாக ஓடியது. நாடா மெதுவாக ஓட, அங்கே கடலும் மெதுவாகிவிட்டது.

"மிதி தம்பி, மிதி! நிண்டுதெண்டா அவ உள்ளுக்குள்ளையே நிண்டிடுவா!" என்று சோமசேகரம் கத்தினான். அவன் மிதித்தான். ஆனால் நிற்காமல் இருக்க மட்டும்தான் அவனால் மிதிக்க முடிந்தது.

அன்றைக்குக் கண் வெட்டுகிற நேரத்தில் நடந்து முடிந்தது, இப்போது செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபம் சொல்கிற நேரம் நீண்டு போனது. முதலில் சுண்டுவிரல் நிமிர்ந்தது. பிடி என்று அவள் அதற்குச் சொன்னாள். அது கேட்கவில்லை. அது விறைத்து, வேறு யாருடையதோ போலக் கிடந்தது. பிறகு மோதிர விரல். மணிக்கட்டு வழுக்கி உள்ளங்கைக்கு வந்தது, உள்ளங்கை வழுக்கி விரல் நுனிக்கு வந்தது. அவனுடைய நகம் அவளுடைய தோலில் கீறிக்கொண்டு போனதைக்கூட அவள் உணர்ந்தாள். பேதுரு நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்த்தது கிறகோரியை. அந்தப் பார்வை விழுந்தது லூர்த்தம்மாவில். பிறகு தண்ணி மூடிக்கொண்டது. அவன் மேலே வரவில்லை. வருவான் என்று பார்த்துக்கொண்டே வெயில் ஏறிற்று.

தகட்டை எடுத்ததும் அவள் அழவில்லை. வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற வழியில் இரண்டு பேரும் நடந்துதான் வந்தார்கள். பாதி வழியில் அவள் சொன்னாள்.

"நீ கண்டனி."

"ஓம் மச்சாள்."

"ஏன் ஒளிச்சனி?"

"சொல்லியிருந்தா, சோறு போடேக்கையெல்லாம் என்ரை கையைத்தான் பாப்பியள்."

அவள் நின்றாள். "நீ விடேல்லை, கிறகோரி. விரல் விட்டது. சுண்டுவிரல்தான் முதல் போனது. உனக்கு அது தெரியாது, நான் கண்டனான்."

"விரல் ஆரின்ரை, மச்சாள்?" என்றான் அவன்.

அவளுக்கும் அது அவளுடைய விரலாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாமியிடம், பூசைக்குப் பேர் கொடுப்போம் என்றாள். ஒரு ஆள் கண்டதாக இப்போதுதான் தெரிந்தது என்று மட்டும் சொன்னாள். ஆளின் பேரைச் சொல்லவில்லை. யோசப்பின் மார்பிலே அடித்துக்கொண்டு மருமகளைத்தான் திட்டினாள். "பாவி, உன்ரை பிடிவாதத்தாலை ஆறு வரியம் என்ரை பிள்ளையை நெருப்பிலை விட்டிட்டியே!" கிறகோரி வாய் திறக்கப் போனான். லூர்த்தம்மா கண்ணால் மறித்தாள்.

தாலியைக் கழற்றி, துக்கச் சீலை உடுத்து, அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"கட்டின மனுசனைத் தண்ணிக்குள்ளை விட்டனான், சுவாமி."

சுவாமியார் திடுக்கிட்டுப் போனார். கேட்டுக் கேட்டுத்தான் முழுக்கதையும் அவருக்கு விளங்கியது.

"பிள்ளை, அது உம்முடைய பாவமில்லை. அந்த நேரம் நீர் வீட்டிலை இருந்தனீர். செய்யாத பாவத்துக்கு மன்னிப்புத் தர எனக்கு அதிகாரம் இல்லை. செய்தனான் எண்டு நினைக்கிறவன் வரட்டும்."

அந்த ஆறு வருஷமும் கிறகோரி பூசையில் நன்மை அப்பம் வாங்கினதில்லை; பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறாதவன் வாங்கக்கூடாது. பூசைக்குப் போவான், வாசலோடு நிற்பான், வருவான். கேட்டால் வயிற்றுக்குள் குத்து என்பான். லூர்த்தம்மா நேரே அவனிடம் போனாள்.

"எழும்பு. நான் சொன்னாச் சுவாமியார் எடுக்கிறாரில்லை. நீ போய்ச் சொல்லு."

இரண்டு நாள் மறுத்தான். மூன்றாம் நாள் போனான். வெளியே வந்தபோது முகம், காய்ச்சல் விட்டவன் முகம் மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று நன்மை வாங்கினான். யோசப்பின், ஏன் என்று தெரியாமலே, சந்தோஷத்தில் அழுதாள்.

லூர்த்தம்மா தான் இருந்த வாங்கை விட்டு நன்மைக்கு எழும்பவில்லை. சுவாமியார் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டுக் கதைத்தார். கோவிக்காமல்தான் மறுமொழி சொன்னாள்.

"நீங்கள் குடுத்த மன்னிப்பு கிறகோரிக்குச் சேர்ந்திட்டுது, சுவாமி. கண்ணாலை பாத்தனான். பிழையில்லை எண்டு என்ரை தலைக்கும் தெரியும். கைக்கு ஆர் சொல்லுறது?"

ஊர்ச் சனம் பலதும் கதைத்தது. இத்தனை வருஷம் ஒழுங்காக நன்மை வாங்கினவள், புருஷனுக்குப் பூசை வைத்த கையோடு நிறுத்திவிட்டாளே, என்ன பாவம் செய்தாளோ என்று. அவள் மீன் விற்றாள். மகளைப் படிப்பித்தாள். வாளியைத் தூக்குவதென்றால் இடது கையால் தூக்கினாள். வலது கையில் ஒரு நோவும் இல்லை என்று டொக்டர் சொன்னார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், ஆமி நெருங்கி வர, வலிகாமச் சனம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. யோசப்பினைக் கிறகோரி சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினான். லூர்த்தம்மாவும் யசிந்தாவும் மூட்டையோடு பின்னால். மூன்றாம் நாள், கார்த்திகை இரண்டு, மரித்தோர் திருநாள். சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில், மழைக்குள், மேசை வைத்துப் பூசை நடந்தது. பேர் எழுதி வாங்கக் கடதாசியும் இல்லை, ஆளும் இல்லை. அவரவருடைய மரித்த ஆட்களின் பேரை அவரவரே சொல்லுங்கள் என்றார் சுவாமியார்.

முற்றம் முழுவதும் முணுமுணுப்பு எழும்பியது. கலியாணம் கட்டி ஒருநாளும் புருஷனின் பேரை வாயால் சொல்லாதவள் லூர்த்தம்மா. பேதுரு என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற கிறகோரிக்குக் கேட்டது. அவனும் சொன்னான்.

நன்மைக்குச் சனம் நகர்ந்தது. கிறகோரி தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு முன்னுக்குப் போனான். யசிந்தா தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, வாங்கோவன்."

"நீ போ, மோனை. சேறு, பாத்துப் போ," என்றாள். மூட்டைகளுக்குக் காவலாக அங்கேயே இருந்துகொண்டாள்.